ஷாங்ஹாய் வீதியில் ஓர் ஊசிக்கட்டு

புதிய நாடு ஒன்றுக்குச் செல்வோர் அந்நாட்டின் மாளிகைகளையும் கோயில்களையும் மலைக்காட்சிகளையும் கண்டு மகிழ்ந்து திரும்புதல் வழக்கம். அவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், அந்நாட்டு மக்கள் அன்றாடம் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர் அவர்தம் அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். அயலார் வீட்டு அடுக்களைக்குள் நுழையும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. அடுக்களைக் கருவிகளை விற்கும் கடைத்தெருவுக்குள் நுழைவதோ எவர்க்கும் எளிது. சுளகும், துருவலையும், நீத்துப்பெட்டியும், இடியப்ப உரலும் அடுக்கி வைத்த கடையொன்றை யாழ்ப்பாணத்தில் ஓர் அயல்நாட்டார் கண்டாராயின், நாம் அரிசியையும் தேங்காயையும் நம்பி வாழ்பவர் என்பதையும், ஆவியில் அவித்து உண்பதில் விருப்புடையவர் என்பதையும் எவரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வார்.

ஹொங்கொங்கில் அத்தகைய கடைத்தெரு ஒன்று உண்டு. கௌலூன் தீபகற்பத்தில், யாவ் மா டெய் என்னும் பகுதியினூடாகச் செல்லும் ஷாங்ஹாய் வீதியே அது. மார்கழி விடுமுறையிற் கல்வி சார்ந்த கூட்டமொன்றுக்காக அந்நகருக்குச் சென்ற நாம், அவ்வீதியில் ஒரு முழுப் பகலைச் செலவிட்டோம். பன்றித் தோலை மொறுமொறுப்பாக வாட்டுவதற்கு வேண்டிய சிறு கருவி ஒன்றைத் தேடியே அங்குச் சென்றோம் என்றால் வாசகர் வியப்புறக்கூடும். அதிலும் நாம் சைவ உணவினர். ஆதலால், அத்தேட்டத்தின் காரணத்தை முதலிற் கூறிவிடுதல் முறையாகும்.

கடைசி வாங்கு மாணாக்கர்

எம்மிடம் படித்த மாணாக்கர் ஒருவர் கொழும்பில் ஒரு பெரிய விடுதியின் சமையலறையிற் பணிபுரிகின்றார். வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவர். இரசாயனச் சமன்பாடுகள் அவருக்கு ஒருநாளும் வசப்பட்டதில்லை. ஆயினும் கல்லூரி விழாக்களில் நூறு பேருக்குப் பொங்கல் வைக்கும் பொறுப்பை அவரிடமே விடுவது வழக்கம். அவர் நின்ற பக்கத்துப் பானை அடிப்பிடித்ததாக எவரும் கூறியதில்லை. தந்தையை இழந்த குடும்பத்தின் மூத்த பிள்ளை அவர். தங்கையர் இருவரின் படிப்பும் அவருடைய சம்பளத்தையே நம்பியிருந்தது.

அவ்விடுதியிற் சீன உணவுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அங்கே அவருடைய பணி நிரந்தரமாக வேண்டுமாயின், சீனப் புத்தாண்டு விருந்துக்கு ‘சியூ யுக்’ எனப்படும் வாட்டிய பன்றியிறைச்சியைத் தாமே செய்து காட்டல் வேண்டும் எனத் தலைமைச் சமையற்காரர் கூறிவிட்டார். அவ்வுணவின் சிறப்பெல்லாம் மேற்றோலின் மொறுமொறுப்பிலேயே தங்கியிருக்கின்றது. நம்மவர் முள்ளுக்கரண்டியால் தோலைக் குத்தி மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் தோலின் ஒரு மூலை பொரி போலப் பொங்கியது. மற்றொரு மூலை செருப்புத் தோலாகவே கிடந்தது. வீணான இறைச்சியின் விலை அவருடைய சம்பளத்திற் கழிக்கப்பட்டது.

நாம் ஹொங்கொங் செல்வதை அறிந்ததும் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “சேர், நீங்கள் மச்சம் மாமிசம் தொடாதவர் என்று தெரியும். இந்த ஊசி இங்கே தேடியும் கிடைக்கவில்லை. வேறு யாரிடமும் கேட்க வழியில்லை” என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படமும் இருந்தது. குறுகிய கைப்பிடியொன்று, அதன் தலையில் முள்ளம்பன்றியின் முதுகைப் போல நெருக்கமாக நாட்டிய ஊசிகள். உண்பது எதுவாயினும் உழைப்பு உழைப்பே. மாணாக்கரின் தொழிலுக்கு உதவும் கருவியைத் தேடிக் கொடுப்பது ஆசிரியர்க்கு உரிய பணி என்றே நாம் கருதினோம்.

படகிலும் கால்நடையிலும்

ஹொங்கொங் தீவிலே தங்கியிருந்த நாம் கௌலூன் கரையை அடைய ஸ்டார் பெரிப் படகில் ஏறினோம். கடலடியிற் செல்லும் ரெயில் விரைவில் கொண்டு சேர்க்கும். எனினும், அப்படகுச் சேவையின் வரலாறு எம்மை அதன்பால் ஈர்த்தது. 1888 ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியவர் தொராப்ஜி நவுரோஜி என்னும் பார்சிக்காரர். இந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவர் அமைத்த படகுத் துறையினாலேயே அத்தீவு மக்கள் பல தலைமுறையாகக் கடல் கடந்து வேலைக்குச் சென்று வந்தனர். 1898 இல் அது ‘ஸ்டார்’ என்னும் பெயரைப் பெற்றது.

கரையிறங்கி, நேதன் வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தோம். 1904 முதல் 1907 வரை அங்கு ஆளுநராயிருந்த மத்தியூ நேதனின் பெயரைத் தாங்கும் அகன்ற வீதி அது. அதன் ஆரவாரம் ஓய்ந்து, இடப்புறத் தெருவொன்றில் திரும்பினால் தின் ஹவ் கோயில் தோன்றும். தின் ஹவ் என்பவள் கடலோடிகளைக் காக்கும் தெய்வம். இன்று அக்கோயிலைச் சூழக் கட்டடங்களே காணப்படினும், கடலைத் தூர்த்து நிலமாக்குமுன்னர் அலைகள் அதன் அண்மைவரை வந்தன. கோயில் முன்றிலில் ஆலமரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. அவற்றின் கீழ் முதியவர்கள் குந்தியிருந்து சதுரங்கம் ஆடுகின்றனர். நம் ஊர் ஆலடியை நினைவூட்டும் காட்சி அது.

கோயிலுக்கு அணித்தாகவே ஷாங்ஹாய் வீதி செல்கின்றது. முன்னர் அதற்கு வேறு பெயர் வழங்கியது. 1909 இல் இப்பெயர் சூட்டப்பட்டது. 1895 இல் எழுந்த பழைய நீரேற்று நிலையத்தின் செங்கற் கட்டடம் ஒன்று இவ்வீதியோரத்திலே இன்றும் நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த பகுதியிலேதான் அடுக்களைக் கடைகள் செறிந்துள்ளன.

அக்கடைகளிற் காணப்படும் பொருள்களை முழுவதும் எடுத்துரைக்கப் பல பக்கங்கள் வேண்டும். மூங்கிலால் முடைந்த அவியற் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. நம் நீத்துப்பெட்டியின் உடன்பிறப்புகள் அவை. நம் தாச்சியைப் போன்ற இரும்புச் சட்டிகள் கையகல அளவு முதல், ஒரு பிள்ளை உள்ளே உட்காரத்தக்க அளவு வரை தொங்கின. முழு மரத்தைக் குறுக்கே அறுத்த இறைச்சிக் குற்றிகள் வாசலிற் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. சதுரமான வெட்டுக்கத்திகள், பித்தளைக் கம்பியாற் பின்னிய வடிகரண்டிகள், பூவேலை செதுக்கிய பலகார அச்சுகள் என ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தொழிலைச் சுட்டி நின்றது. அவற்றை வாங்க வந்தோரிற் பலர் சமையற்காரர்களாகவே தோன்றினர். கத்தியை எடுத்து எடை பார்ப்பவர், சட்டியை விரலாற் சுண்டி ஓசை கேட்பவர், கூடையின் மூடியைக் கவிழ்த்துப் பொருத்தம் பார்ப்பவர் என ஒவ்வொருவரும் கண்ணாலன்றிக் கையாலேயே பொருளை ஆராய்ந்தனர்.

பன்றியும் அதன் வரலாறும்

ஆங்கில இலக்கியம் கற்ற மாணவர் சார்ள்ஸ் லாம் என்பார் 1822 இல் எழுதிய வாட்டிய பன்றி பற்றிய கட்டுரையை அறிந்திருப்பர். வீடு தீப்பற்றியதால் வெந்துபோன பன்றிக்குட்டியைச் சீனச் சிறுவன் ஒருவன் தொட்டு விரலைச் சுவைத்தான் என்றும், அதன் பின்னர் பன்றி வாட்டுவதற்காகவே மக்கள் தம் வீடுகளைக் கொளுத்தலாயினர் என்றும், இறுதியில் அறிஞர் ஒருவர் தோன்றி, வீட்டை எரிக்காமலே ஒரு கம்பித் தட்டின் மேல் வாட்டலாம் என்று கண்டறிந்தார் என்றும் அவர் கதை புனைகின்றார். கதை வெறும் வேடிக்கையே. ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கின்றது. ஏற்ற கருவி இல்லாதவன் சிறு பயனுக்காகப் பேரிழப்பைத் தாங்குகின்றான். கொழும்பிற் சம்பளத்தை இழந்த எமது மாணாக்கரும் ஒருவகையில் வீட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தவரே.

மெய்யான வரலாறும் சுவை குன்றியதன்று. முன்னாளிற் கன்ரன் எனப்பட்ட குவாங்சோ நகரில், நான்யுவே நாட்டு மன்னன் ஒருவனின் கல்லறை 1983 இற் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லறையில் வெண்கலத்தாலான வாட்டும் அடுப்புகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பக்கங்களிற் சிறு பன்றிகளின் உருவங்கள் வார்க்கப்பட்டுள்ளன. மறுமைக்கும் அடுப்பை உடன்கொண்டு சென்ற மன்னன் அவன். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் ஜியா ஸிசியே எழுதிய வேளாண்மை நூலும் பன்றிக்குட்டியை வாட்டும் முறையை விரித்துரைக்கின்றது.

இன்றும் கன்ரன் மரபினரிடையே வாட்டிய பன்றி வெறும் உணவன்று. சித்திரை மாதத் தொடக்கத்தில் வரும் சிங் மிங் நாளில், மூதாதையரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து, முழுப் பன்றியைப் படைத்து, பின் உறவினர் பகிர்ந்துண்பர். மணமான மூன்றாம் நாள் பெண் தாய்வீடு செல்லும்போது மணமகன் வீட்டார் அதனை உடன் அனுப்புதல் பழைய வழக்கம். புதுக்கடை திறப்பதாயினும், திரைப்படம் எடுக்கத் தொடங்குவதாயினும், செந்நிறத் தோல் பளபளக்கும் பன்றியொன்றை மேசைமேல் வைத்துத் தூபம் காட்டுவர். நம்மிடையே மடை பரப்பிப் படைத்தபின் பிரசாதத்தைப் பங்கிடும் ஒழுங்கை அறிந்தோர்க்கு இவ்வழக்கத்தின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

தோலின் இயல்பு

இனி, ஊசி எதற்கு என்பதைப் பார்ப்போம். பன்றித் தோலின் பெரும்பகுதி நீரும், கொலாஜின் என்னும் புரதமும் ஆகும். கயிற்றைப் போல முறுக்குண்டு கிடக்கும் அப்புரதமே தோலுக்கு வலிமை தருவது. தோலை அப்படியே நெருப்பிற் காட்டினால் அது சுருங்கி இறுகும். முதலில் நீரில் அவித்தால் அம்முறுக்குத் தளர்ந்து, கொலாஜின் ஜெலற்றினாக மாறத் தொடங்கும். பின்னர் அதனை நன்கு உலர்த்தி, 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் காட்டினால், உள்ளே எஞ்சியிருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாக விரிவடையும் என்பதை மாணவர் அறிவர். அவ்வாவி இளகிய தோலை ஊதிக் கொப்புளமாக்குகின்றது. நீர் நீங்கியதும் கொப்புளம் அப்படியே இறுகி நிற்கின்றது. வெயிலில் உலர்த்திய அப்பளமும் வடகமும் கொதியெண்ணெயிற் பொரிவதும் ஏறக்குறைய இம்முறையாலேயே. அங்கே மாப்பொருள் செய்யும் தொழிலை இங்கே புரதம் செய்கின்றது.

தோலின்கீழ் ஒரு படை கொழுப்பு உண்டு. வெப்பத்தில் அஃது உருகி வெளியேற வழி வேண்டும். வழியில்லையேல், தோலின்கீழ் ஆவி திரண்டு சில இடங்களிற் பெருங்கொப்புளமாக எழும்பும். எழும்பிய இடம் கருகும். எழும்பாத இடம் தோலாகவே கிடக்கும். எங்கும் நுண்ணிய துளைகள் நெருங்கியிருந்தாலோ, ஒரு பெருங்கொப்புளத்துக்குப் பதிலாக ஆயிரம் சிறு கொப்புளங்கள் தோன்றும். கன்ரன் சமையற்காரர் அதனை எள்ளுத் தோல் என்கின்றனர். நம் வீட்டுக் கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பிள்ளைகள் கண்டிருப்பர். அவையும் ஆவி ஓரிடத்திலே திரண்டு பிஸ்கற்றை உப்பச் செய்யாதிருத்தற்கே இடப்படுகின்றன.

ஆழத்திலேதான் நுட்பம் இருக்கின்றது. துளை தோலைக் கடந்து கொழுப்பைத் தொடலாம், இறைச்சியைத் தொடலாகாது. தொட்டால், இறைச்சியின் சாறு அவ்வழியே மேலேறித் தோலை நனைத்துவிடும். நனைந்த தோல் பொங்காது. ஆகவே துளைகள் பலவாக இருத்தல் வேண்டும். சிறியனவாக இருத்தல் வேண்டும். ஒரே ஆழத்தில் நிற்றலும் வேண்டும்.

எது ஏற்ற கருவி?

அக்கூட்டத்திற் பழக்கமான உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எமக்குத் துணையாக வந்திருந்தார். அவரே மொழிபெயர்ப்பாளருமானார். முதல் இரு கடைகளில் எமக்கு வேறு கருவியே காட்டப்பட்டது. விற்சுருளை அமுக்கினால் தட்டையான சிறு அலகுகள் கீழிறங்கும் பொறி அது. இறைச்சியின் நார்களை அறுத்து மென்மையாக்குவதற்கு அது மிகவும் நன்று. ஆழமாகப் பாய்வதே அதன் தொழில். ஆழமாகப் பாயாதிருப்பதே எமது தேவை.

மூன்றாவது கடையில் முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். படத்தைக் காட்டியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, “வீட்டுக்கா, கடைக்கா?” என்பதே. விலையைக் கூறுமுன் பயனைக் கேட்கும் வணிகர் அருகி வரும் காலம் இது. விடுதியொன்றின் சமையலறைக்கு என்றோம். உடனே அவர் உள்ளே சென்று, மூன்று ஊசிக்கட்டுகளைக் கொணர்ந்து எம்முன் வைத்தார்.

முதலாவது அழகிய நிறமுள்ள பிளாஸ்ரிக் கைப்பிடி கொண்டது. அதன் ஊசிகள் நீண்டும் மெலிந்தும் இருந்தன. அம்மையார் ஓர் ஊசியை விரலால் மெல்லத் தள்ளினார், அது வளைந்தது. அவித்த தோல் மேற்பரப்பில் வழுக்கும், வளையும் ஊசி வழி தவறும் என்றார். இரண்டாவதன் ஊசிகள் தடித்தவை, இடைவெளியும் அதிகம். முழுப் பன்றிக்கு அது போதும், சிறு துண்டுக்கு ஆகாது என்று ஒதுக்கினார். மூன்றாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் மரக்கைப்பிடியில் துருவேறாத உருக்கு ஊசிகளை நெருக்கமாக நாட்டியது. அவை குறுகியவை; நுனி கூரியது; அடி அசையாதது.

அம்மையார் பழைய கடதாசி மட்டையொன்றை எடுத்து அதன்மேல் மூன்றாவது ஊசிக்கட்டால் இரண்டு முறை தட்டினார். மட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, விண்மீன்கள் செறிந்த வானம் போலத் துளைகள் ஒரே அளவில் ஒளிர்ந்தன. பின்னர் முள்ளுக்கரண்டி ஒன்றை எடுத்து அதே மட்டையிற் குத்தினார். நான்கு துளைகள், அவற்றுள் இரண்டு கிழிந்திருந்தன. கத்தி நுனியாற் கீறினார். அது பிளவாயிற்று, துளையாகவில்லை. சூட்டிற் சுருங்கும்போது அப்பிளவு வாய் திறக்கும் என்பதைத் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு சொல்லும் விளங்காதிருந்தும் பாடம் முழுவதும் எமக்கு விளங்கிற்று. கரும்பலகையின் முன் பல்லாண்டு நின்ற எமக்கு அவ்வம்மையாரின் கற்பிக்கும் திறன் பொறாமையையே ஊட்டியது.

கீறுவது யாண்டும் தவறு என எண்ணற்க. இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் தோலைக் கூரிய கத்தியால் நெருங்கிய கோடுகளாகக் கீறியே வாட்டுகின்றனர். அங்கே விரும்பப்படுவது பட்டை பட்டையாக முறியும் தடித்த தோல். கன்ரன் மக்கள் விரும்புவதோ எள் தூவினாற்போல் நுண்ணிதாகப் பொங்கிய தோல். நாவின் விருப்பம் வேறாயின் கருவியும் வேறாகின்றது. எது சிறந்தது என்று கேட்பதினும், எதற்குச் சிறந்தது என்று கேட்பதே அறிவுடைமை.

மூன்றாவது ஊசிக்கட்டையே வாங்கினோம். அதன் விலை ஒரு நல்ல பேனையின் விலையை ஒத்திருந்தது. அம்மையார் ஊசி முனைகளைத் தக்கைத் துண்டொன்றிற் செருகி, செய்தித்தாளிற் சுற்றி, நூலாற் கட்டித் தந்தார். பயன்படுத்தியபின் வெந்நீரில் ஊறவைத்து, ஊசிகளுக்கிடையே தூரிகையால் தேய்த்து, ஈரமறத் துடைத்தல் வேண்டும் என்றும் சொன்னார். நாம் விடைபெறும் வேளையில் மேலும் ஏதோ கூறினார். துணை வந்த ஆசிரியர் சிரித்தவாறு மொழிபெயர்த்தார்: “ஊசியை விற்றுவிட்டேன், காற்றை நான் விற்பதில்லை. அதை அவரே தேடிக்கொள்ள வேண்டும்.”

காற்றின் பங்கு

அவ்வுரையின் பொருள் அன்று மாலையே தெளிவாயிற்று. துணைவரான ஆசிரியரின் உறவினர் ஒருவர் வாட்டிய இறைச்சிக் கடையொன்றிற் பணிபுரிந்தார். கடையின் பின்புறத்தைக் காண எமக்கு இசைவு கிடைத்தது. தோலை மேற்புறமாகக் கொண்ட பன்றி வயிற்றுத் துண்டுகள் ஓர் அறையில் வரிசையாகத் தொங்கின. அவித்து, ஊசியாற் குத்தி, இறைச்சிப் புறத்தில் உப்பும் சீனியும் ஐவகை வாசனைப் பொடியும் பூசி, தோலில் வினாகிரி தடவி, இரவு முழுவதும் மின்விசிறிக் காற்றில் அவற்றை விடுவராம். தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். யாம் தொடவில்லை, துணைவர் விரலாற் சுண்டினார். பறைத்தோலைத் தட்டினாற்போல ஓசை எழுந்தது. அந்த ஓசை எழும்வரை எந்தத் துண்டும் போறணைக்குள் போவதில்லை.

முழுப் பன்றி வாட்டுவோர் வேறோர் ஒழுங்கையும் கைக்கொள்கின்றனர். பன்றியை ஒருமுறை மெல்லிய சூட்டில் வாட்டி வெளியே எடுத்து, தோல் முழுவதையும் ஊசிக்கட்டாற் குத்தி, மறுபடியும் கடுஞ்சூட்டில் இறக்குகின்றனர். மேற்புறம் கருகினால் கத்தியாற் சுரண்டி எடுத்துவிடுவர். கருமைக்குக் கீழே பொன்னிறத் தோல் தோன்றும். மாரி காலத்தின் உலர்ந்த காற்றே இத்தொழிலுக்கு உகந்தது என்றும், ஈரக்காற்று வீசும் இளவேனிலில் தாம் படும் பாடு பெரிது என்றும் அங்குள்ளோர் கூறினர். கொழும்பின் காற்று எத்தகையது என்பதை எண்ணியபோது, எமது மாணாக்கரின் மூன்று தோல்விகளுக்கும் முள்ளுக்கரண்டி மட்டும் காரணமன்று என்பது புலனாயிற்று.

அன்றிரவே நாம் கண்டவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதி அவருக்கு அனுப்பினோம். நாடு திரும்பும்போது ஊசிக்கட்டைக் கைப்பையில் வைத்தல் கூடாதாகையாற் பெரிய பெட்டிக்குள், சட்டைகளுக்கும் கூட்டக் குறிப்புகளுக்கும் நடுவே வைத்தோம்.

கொழும்பில் நிகழ்ந்தது

கருவி கைக்கு வந்ததும் மாணாக்கர் செய்த முதல் முயற்சி முழுப் பயன் தரவில்லை. துளைகள் நன்றாகவே விழுந்தன; தோலும் எங்கும் ஒரே சீராகப் பொங்கத் தொடங்கியது. எனினும் நடுவிலே ஓர் உள்ளங்கை அளவு மெதுவாகவே இருந்தது. குளிரறையின் கதவைப் பகல் முழுவதும் பலர் திறந்து மூடியதால் ஈரம் உட்புகுந்தது என்பதைத் தாமே ஆராய்ந்து கண்டார். இரண்டாம் முறை, வேலை ஓய்ந்த இரவில் குளிரறையினுள்ளே சிறு மின்விசிறியொன்றை வைத்து, தாமும் சமையலறையிலேயே தங்கி, இடையிடையே எழுந்து தோலைத் தொட்டுப் பார்த்திருக்கின்றார். விடியற்காலையில் விரலாற் சுண்டியபோது ஓசை எழுந்தது. மறுநாட் பகல் வந்த செய்தியில் நான்கே சொற்கள்: “சேர், சத்தம் கேட்டது. நன்றி.”

புத்தாண்டு விருந்து நடந்தேறியது. பணியும் நிரந்தரமாயிற்று. இன்று அந்தப் போறணைக்கு அவரே பொறுப்பாளர். நீர், ஆவி, புரதம், வெப்பம் ஆகியவற்றைப்பற்றி இப்போது அவர் எம்மிடம் கேட்கும் கேள்விகள் முன் வாங்கு மாணாக்கரையும் திணறச் செய்வன. புத்தகத்தின் வழியே அவரை அடையாத இரசாயனம் ஒரு கைப்பிடி ஊசியின் வழியே அவரை அடைந்திருக்கின்றது. கைத்தொழிலைப் படிப்பில் தோற்றவரின் புகலிடமாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் மறையவில்லை. அது மறைதல் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வீட்டிலே தொடங்கலாம்

ஷாங்ஹாய் வீதியும் மாறிக்கொண்டே வருகின்றது. அதன் வடபகுதியில், மொங் கொக்கில், உலகப் போருக்கு முற்பட்ட தூண்நடைக் கட்டடங்கள் சில புதுப்பிக்கப்பட்டு 2019 இல் திறக்கப்பட்டன. கட்டடங்களைக் காப்பது நற்பணியே. கட்டடத்தைப் புதுப்பிக்கலாம், “வீட்டுக்கா, கடைக்கா?” என்று கேட்கும் அம்மையாரின் அறிவை அவ்வாறு புதுப்பித்தல் இயலாது. அதனை அவரிடமிருந்து எவரேனும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

இதற்காக நம் மாணவர் ஹொங்கொங் வரை செல்லவேண்டுவதில்லை. நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் இடியப்ப உரலை எடுத்துப் பாருங்கள். அதன் துளைகள் ஏன் அந்த அளவில் இருக்கின்றன? நீத்துப்பெட்டி ஏன் கூம்பி முடிகின்றது? அதனைப் பனையோலையாலே ஏன் இழைத்தார்கள்? இக்கேள்விகளுக்கு விடை தெரிந்த பாட்டிமார் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். விடுமுறை நாளொன்றில் அவர்கள் அருகே அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும் காலத்திலேயே கேட்டுவிடுதல் நன்று.